ஒரு ஆள் வண்டி

என் மனைவியின் வீட்டில் நான் இருபது வருடங்களுக்கு மேல் விருந்தாளியாக இருந்தேன். குறையாகச் சொல்லவில்லை, எங்கள் ஊர் வழக்கம் அப்படி. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அவள் பெயரில் ஒரு வீட்டையும் எழுதிவைத்துவிடுவார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து சேரவேண்டியதுதான். மன்னார்குடிக்காரனிடமோ நீடாமங்கலத்துக்காரனிடமோ இதைச் சொன்னால் வீட்டோடு மாப்பிள்ளையா என்று சிரிப்பான். எங்கள் ஊரில் எல்லோருமே வீட்டோடு மாப்பிள்ளைகள் என்பதால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க வழியில்லை.

அந்த வீட்டிலாவது இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. நிக்காஹ் முடிந்த சில மாதங்களிலேயே சபர் போய்விட்டேன். வளைகுடாவுக்குப் பிழைக்கப் போவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. போகிறவன் சபுராளி. சபுராளிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவு. அந்த லீவில் பாதி சொந்தக்காரர் வீட்டு விருந்திலும் கல்யாணத்திலும் போய்விடும். மீதியில் அவளோடு பேசிப் பழகி, கூச்சம் விட்டு, ஒருவர் மீது ஒருவர் எரிந்து விழுகிற அளவுக்கு நெருங்கும்போது டிக்கெட் உறுதியாகிவிடும்.

நான் லீவில் வந்தால் எனக்கு வைக்கும் சோறு அப்போதுதான் வடித்ததாக இருக்கும். மீன் அன்று காலையில் வாங்கியதாக இருக்கும். முந்தின நாள் மீன் குழம்பைச் சுண்டவைத்து அவளும் மாமியும் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வாசனை கூடத்துக்கு வரும். மீன் குழம்பு மறுநாள்தான் குழம்பு என்பது எனக்குத் தெரியாதா? கேட்டால், "சும்மா இருங்க மச்சான். உங்களுக்குப் போயி பழசையா ஊத்துறது?" என்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். விருந்தாளி கோபப்படுவது முறையில்லை என்பதால் அதை அங்கேயே விழுங்கிவிட்டு முள்ளெடுக்க ஆரம்பிப்பேன்.

நான் கொண்டுவரும் பெட்டியைப் பிரிப்பது அவள் வேலை. கூடத்து நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கத்தியால் கயிற்றை அறுத்து, அத்தர், சோப்பு, தைலம், துணி என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, இது பெரியம்மாவுக்கு, இது எதிர்வீட்டுக்கு என்று பிரிப்பாள். சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். தனக்கென்று எதையும் அப்போது எடுத்துக்கொள்ள மாட்டாள். எல்லோரும் போன பிறகு அடியில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவுவாள்.

அங்கே ஷார்ஜாவில் எனக்கு ஒரு பணக்காரரின் வண்டிக் கொட்டகையில் வேலை. ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மனிதருக்கு வண்டிப் பைத்தியம். ஓட்டாத வண்டிகளையே ஒரு மைதானத்துக்கு வாங்கி நிறுத்தியிருந்தார். அதில்தான் அந்த இத்தாலிக்காரன் மோட்டார் சைக்கிளை முதலில் பார்த்தேன். பந்தய மைதானத்துக்காகச் செய்ததைக் கொஞ்சம் மாற்றி ரோட்டுக்கு விட்டிருந்தார்கள். அழகைப் பற்றி எனக்குப் பேசத் தெரியாது. அதைப் பார்த்த அன்றைக்கு மதியச் சோற்றை மறந்துவிட்டேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். அதன் கிளட்ச் எண்ணெயில் முங்காமல் காய்ந்தே இருக்கும். லீவரைப் பிடித்தால் உள்ளே இருக்கும் தகடுகள் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோலக் கலகலக்கும். தெரியாதவன் இன்ஜின் உடைந்துவிட்டதென்று பயப்படுவான். எனக்கோ அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிடலாம்போல இருக்கும்.

அப்போதெல்லாம் ஃபோன் பேசக் கட்டுப்படியாகாது. நானும் அவளும் கேசட்டில் பேசி அனுப்பிக்கொள்வோம். ஒரு தடவை பேசி முடித்த பிறகு கேசட்டில் இடம் மிச்சமிருந்தது. டேப் ரெக்கார்டரைக் கொட்டகைக்குத் தூக்கிப்போய், மெக்கானிக்கிடம் சொல்லி அந்த வண்டியைக் கிளப்பச் செய்து, சத்தத்தைப் பதிந்து அனுப்பினேன். அடுத்து வந்த கேசட்டில் அவள் குரல் சொன்னது: "மச்சான், கடைசியில ஏதோ ரைஸ்மில் ஓடுதே, அது என்ன? அங்க நெல்லு அரைக்கிற வேலையா பாக்குறீங்க?"

மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். நான் உட்கார்ந்து வந்த விமானத்து சீட்டின் சூடு ஆறுவதற்குள் மருமகன் அங்கே போனார். அவர் பின்னாலேயே மகளும் போனாள். மாமி அதற்கு முன்பே மவுத்தாகியிருந்தார். அவ்வளவு பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம். கல்யாணமாகி முதல் தடவையாக ஒரே கூரையின் கீழ், போகிற தேதி இல்லாமல்.

அது சுலபமாக இல்லை. அவளுக்கு அவள் வழக்கங்கள் இருந்தன. விடியுமுன் எழுந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வேலை பார்ப்பாள். நான் அடுப்படிக்குள் போனால் என்ன வேணும் என்று பதறி எழுந்து நிற்பாள். ஒன்றும் வேண்டாம், சும்மா வந்தேன் என்றால் நம்ப மாட்டாள். எனக்கும் பேச்சு வராது. எட்டுப் பேர் படுக்கும் அறையில் இத்தனை காலம் இருந்தும் ஒரு கட்டில், ஒரு தட்டு, சட்டை மாட்ட ஒரு ஆணி என்று வாழ்ந்து பழகியவன் நான். சாப்பிட்ட தட்டை நானே கழுவி வைப்பேன். அவள் அதை எடுத்து இன்னொரு தடவை கழுவுவாள்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு பல் டாக்டரிடம் அதே மாதிரி வண்டி விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பழைய வண்டி. மஞ்சள் நிறம். என்னோடு ஷார்ஜாவில் இருந்த மெக்கானிக் ஒருவன் சொன்னான். வேண்டாம் என்று இரண்டு நாள் எனக்கே சொல்லிக்கொண்டு பார்த்தேன். மூன்றாம் நாள் ரயிலேறிவிட்டேன்.

டாக்டரின் வீட்டு போர்ட்டிகோவில் துணி போர்த்தி நின்றது. நான் விட்டேனா? இன்ஜினுக்குள் இருக்கும் ரப்பர் பெல்ட்டுகளைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். அதை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், மாற்றாமல் அறுந்தால் இன்ஜின் போச்சு. முன் சக்கரக் குழாய்களில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். செயின், பல்சக்கரம், பிரேக் தகடு, ஒயரிங் எல்லாவற்றையும் குப்புறப் படுத்துப் பார்த்தேன். டாக்டர் மனைவி இரண்டு தடவை காப்பி கொண்டுவந்துவிட்டார். "நீங்க பொண்ணுகூட இப்படிப் பாத்திருக்க மாட்டீங்க" என்றார் டாக்டர். உண்மைதான், எனக்குப் பெண் பார்க்கும் வேலையே இருக்கவில்லை. மாமா மகள்தான் என்று பிறந்தபோதே முடிவாகியிருந்தது.

வண்டியை வாங்கிக்கொண்டு, மறுநாள் விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு ஊருக்குக் கிளம்பினேன். தை மாதக் கடைசி. அந்த வண்டியில் உட்காருவது என்றால் டேங்க் மீது குப்புறக் கவிழ்வதுதான். உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். இன்ஜின் சூடு தொடையை வேகவைக்கும். ஊருக்குள் மெதுவாகப் போனால் முரண்டு பிடிக்கும், இருமும், உதறும். கொள்ளிடப் பாலத்தைத் தாண்டி, ரோடு கொஞ்சம் நீண்டு கிடந்த இடத்தில் முறுக்கினேன். அதுவரை என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த வண்டி சட்டென்று என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயல். ஹெல்மெட்டுக்குள் நான் அழுதுகொண்டிருந்தேன். ஏன் என்று இப்போதும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. இத்தனை வருடம் யாருக்காகவோ வாங்கிப் பெட்டியில் அடைத்தவன் எனக்கென்று வாங்கிய முதல் பொருள் அது.

மாலை அஸர் நேரத்துக்கு வீட்டு வாசலில் நிறுத்தினேன். கிளட்ச் கலகலத்த சத்தத்தைக் கேட்டு அவள் உள்ளிருந்து வந்தாள்.

"இது அந்தக் கேசட்டு மெஷினுல்ல?" என்றாள்.

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் கேட்ட சத்தத்தை ஞாபகம் வைத்திருக்கிறாளே. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டேங்கைத் தொட்டுப் பார்த்தாள். பின்பக்கம் வந்ததும் நின்றாள். பின்பக்கம் வால்போலக் கூர்ந்து மஞ்சள் தகடாக முடிந்திருந்தது.

"மச்சான், நான் எங்க உக்காரது?"

நான் சிரித்தேன். "இது ஒரு ஆள் வண்டி. இதுல பின்னால யாரும் உக்கார முடியாது."

"ஓ" என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள்.

நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். இந்த வண்டியில் இரண்டு வகை உண்டு, ஒன்று இருவருக்கானது, ஒன்று ஒருவருக்கானது. ஸ்டோர் கீப்பருக்கு இது தெரியாதா? பெல்ட்டைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன், பல்சக்கரத்தின் பல்லைக்கூட எண்ணினேன். ஒரு சீட்தான் இருக்கிறது என்பதையும் பார்த்தேன். அது ஒரு குறையாக என் கண்ணில் படவேயில்லை. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு ஆணி. சபுராளிக்கு ஒரு சீட் போதாதா என்ன?

அவள் அதைப் பற்றி மறுபடி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், முடிந்திருக்கும். அந்த "ஓ" இருக்கிறதே, அது என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாளே ஷார்ஜாவில் இருக்கும் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன். பின் சீட் மட்டும் இருந்தால் போதாது, அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும், கால் வைக்கும் கட்டைகளும் வேண்டும். அடிபட்டு உடைந்த வண்டிகள் எப்போதாவது பழைய சாமான் சந்தைக்கு வரும், பார்த்து வைக்கிறேன், அவசரப்படக் கூடாது என்றான். அவசரப்பட எனக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அவளிடம் சொன்னேன். "சீட்டுக்குச் சொல்லியிருக்கேன். வந்ததும் எங்க போவலாம், சொல்லு."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் யோசிக்கவேயில்லை. "கோடியக்கரை."

"அங்க என்ன இருக்கு? உப்பளமும் சேறும்."

"பறவ வருதாம்ல. எங்கேருந்தோ கடலத் தாண்டி. கார்த்திகையில வந்து பங்குனியில போயிடுதாம். இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு நான் பாத்ததே இல்ல." பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்: "அதுங்களாவது வருசத்துக்கு ஒரு தடவ வருதுங்க."

இப்படித்தான் பேசுவாள். சிரித்துக்கொண்டே ஊசியை ஏற்றிவிடுவாள். கார்த்திகையில் போவதென்று முடிவு செய்தோம். அந்தச் சீட்டில் ஒருக்களித்து உட்கார முடியாது, இரண்டு பக்கமும் கால் போட வேண்டியிருக்கும், தெருவில் பேசுவார்களே என்றேன். "பேசட்டும். மகளக் கட்டிக் குடுத்தவள யாரு வந்து கேக்கப் போறா?" என்றாள்.

அந்த வண்டியின் சைடு ஸ்டாண்டு ஒரு துரோகி. வண்டியின் பாரம் கொஞ்சம் விலகினாலும் ஸ்பிரிங் அதை வெடுக்கென்று மேலே இழுத்துக்கொள்ளும். ஒருநாள் முற்றத்தில் வலது பக்கமாக நின்று துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் என் பக்கம் இழுத்துத் துடைத்ததில் வண்டி லேசாக நிமிர்ந்தது, ஸ்டாண்டு மடங்கியது, வண்டி அவள் பக்கமாகச் சாய்ந்தது. மீனைப் போட்டுவிட்டு எழுந்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். நான் இந்தப் பக்கம் ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரில் யார் கையை எடுத்தாலும் விழுந்துவிடும். ஸ்டாண்டு அவள் பக்கத்தில் இருந்தது.

"காலால அதத் தள்ளு."

"எத?"

"ஸ்டாண்ட. கீழ பாரு. இடது காலால."

"எனக்கு எடதா, ஒங்களுக்கு எடதா?"

அவ்வளவுதான், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்தால் அவளுக்குக் கையில் பலம் போய்விடும். சிரிக்காதே, வண்டி விழுந்துவிடும் என்று நான் கத்தக் கத்த இன்னும் சிரித்தாள். கடைசியில் எனக்கும் வந்துவிட்டது. பூனை ஒன்று வந்து மீனைத் தூக்கிக்கொண்டு போனது, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம், கையில் வேறு வேலை இல்லாமல் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதே இல்லை. அவள் புருவத்துக்கு மேல் ஒரு மச்சம் இருந்தது. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் தனியாக ஓட்டப் போவேன். காலையில் முத்துப்பேட்டை தாண்டித் திருத்துறைப்பூண்டி வரை போய்விட்டு வருவேன். பங்குனி பிறந்ததும் அந்த ரோடு இந்த வண்டிக்கு எமன். நெல் அறுத்த வயலில் போட்ட உளுந்து விளைந்து, செடியைப் பிடுங்கி ரோட்டின் குறுக்கே பரப்பிவைத்துவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் உளுந்து தானாக உதிரும், ஆள் வைத்து அடிக்க வேண்டாம். பஸ்ஸுக்குச் சரி. என் வண்டியின் வழவழப்பான டயருக்கு அது எண்ணெய் ஊற்றிய தரை. முதல் தடவை பார்த்தபோது வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினேன். ரோடு உங்க அப்பன் வீட்டுக் களமா என்றுகூடக் கேட்டேன். துடைப்பத்தோடு நின்ற அம்மா அசரவில்லை. "ஏறிப் போங்க சார், அதுக்குத்தானே போட்டிருக்கு. பின்னால ஆளு இருந்தா எறக்கி நடக்கவிடுவோம். தனி ஆளுதானே, மெதுவா ஏறிப் போங்க." இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஊன்றி, வாத்து நடப்பதுபோல அதைத் தாண்டினேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள், "நாம போவக்கொள்ள நான் எறங்கி நடந்துக்கிறேன், நீங்க கத்தாதீங்க" என்றாள்.

ஆடியில் அவள் கால் வீங்கியது. நின்று நின்று வேலை பார்ப்பதால் என்றாள். பிறகு முகமும் வீங்கியது. தஞ்சாவூரில் பார்த்த டாக்டர் கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார். ரொம்ப நாளாகவே போய்க்கொண்டிருந்திருக்கும், கவனிக்கவில்லையா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ரொம்ப நாளாக நான் இங்கே இல்லையே.

வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தம் சுத்தம் செய்யத் தஞ்சாவூருக்குக் காரில் போவோம். பட்டுக்கோட்டை தாண்டி, ஒரத்தநாடு வழியாக. போகும்போது பேசுவாள். வரும்போது கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்து வருவாள். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். அவள் நாக்கு வறண்டு கிடக்கும்போது அவள் முன்னால் தண்ணீர் குடிக்க எனக்கு மனம் வராமல் கொல்லைப்பக்கம் போய்க் குடித்துவிட்டு வருவேன். சமையலையும் நான் எடுத்துக்கொண்டேன். உப்பில்லாமல், காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டி, அப்போதைக்கப்போது செய்து தட்டில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "என்ன மச்சான், என்னய விருந்தாளி ஆக்கிட்டீங்க" என்றாள்.

ஒரு நாள் தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது வழியில் மழை பிடித்து ரொம்ப நேரமாகிவிட்டது. எனக்குப் பசி. அடுப்பைப் பற்றவைக்கவும் தெம்பில்லை. படுக்கையில் இருந்தபடியே அவள் சொன்னாள்: "பெரியம்மா வீட்டுலேருந்து நேத்துக் குடுத்த மீன் கொழம்பு இருக்கும். சுண்டவச்சு அதையே ஊத்திக்கங்க."

அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பழைய குழம்பு. இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்து நான் அந்த வீட்டு ஆளாகிவிட்டேன் என்று சந்தோஷப்படுவதா, இதற்கு அவள் படுக்கையில் விழ வேண்டியிருந்ததே என்று அழுவதா? இரண்டும் செய்தேன்.

கார்த்திகை வந்தது. சீட் வரவில்லை. காரில் போய்விட்டு வரலாம் என்றேன், ஆஸ்பத்திரி போகாத ஒரு நாளில், மெதுவாக. அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"கார்லதான் ஆஸ்பத்திரிக்குப் போறமே. அந்த ரைஸ்மில்லுலயே போவோம். சீட்டு வரட்டும்."

"வராட்டி?"

"வரும். பறவ மாசி வரைக்கும் இருக்கும்ல."

பிடிவாதக்காரி என்று திட்டினேன். எனக்கு வந்த கோபத்தில் ஷார்ஜாவுக்கு ஃபோன் போட்டு அந்த மெக்கானிக்கையும் திட்டினேன். அவன் பாவம், வெள்ளிக்கிழமைதோறும் சந்தையில் தேடிக்கொண்டுதான் இருந்தான். தை பிறந்து சில நாளில் கிடைத்துவிட்டது என்று சொன்னான். சட்டம், சீட், கால் கட்டை எல்லாம் ஒரே வண்டியிலிருந்து. உம்மாவைப் பார்க்க மகள் லீவு போட்டு வருவதாக இருந்தாள். அவளிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன். அன்றைக்கு என் மனைவி எழுந்து உட்கார்ந்து தலையை வாரிக்கொண்டாள். ஒரு புர்காவை எடுத்து உயரம் சரியாக இருக்குமா, சக்கரத்தில் மாட்டுமா என்று பிடித்துப் பார்த்தாள்.

மகள் வருவதற்கு முந்தின நாள் தஞ்சாவூரில் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு நெஞ்சு நின்றுபோனது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் ஓடுவதைப் பார்த்தேன். வேறு யாருக்கோ என்று நினைத்தேன்.

மகள் முகம் பார்க்கட்டும் என்று மறுநாள் அஸர் வரை வைத்திருந்தோம். விமானம் ஏறும்போதுதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தில் யாரோ அவள் பெட்டியைத் தூக்கிவந்து கூடத்து நடுவில் வைத்துவிட்டுப் போனார்கள். அடக்கம் முடிந்து திரும்பி வந்தபோதும் அது அங்கேதான் இருந்தது. ஒரு வாரம் எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். யாரும் கயிற்றை அறுக்கவில்லை. அந்த வீட்டில் அது வேறு யாருடைய வேலையும் இல்லை.

கடைசியில் மகள்தான் கத்தியை எடுத்தாள். அவள் உம்மா உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து அறுத்தாள். அத்தர் இல்லை, சோப்பு இல்லை, துணி இல்லை. கறுப்பு இரும்புச் சட்டம், இரண்டு கால் கட்டை, கந்தலில் சுற்றிய சிறிய சீட்.

"ஏர்போர்ட்ல எடை கூடுதல்னு தடுத்துட்டாங்க வாப்பா" என்றாள். "மத்ததெல்லாம் எடுத்துப் போட்டுட்டேன். உம்மாதான் ஃபோன்ல சொன்னாங்க, எது வராட்டியும் இது வந்து சேரணும்னு."

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் அவள் கிளம்ப வேண்டியிருந்தது. வீடு இனி அவளுடையது. எங்கள் வழக்கப்படி உம்மா வீடு மகளுக்கு. மனைவி போன பிறகு மாப்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? என் தம்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று நானும் ஒரு பெட்டியைக் கட்டிவைத்திருந்தேன். மகள் அதைப் பார்த்துவிட்டுப் பிரித்து, சட்டைகளை எடுத்து அவள் உம்மாவின் அலமாரியில் அடுக்கினாள். "இது உங்க வீடு வாப்பா" என்றாள். கல்யாணமானதிலிருந்து இந்த ஊரில் யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. சொல்ல வேண்டியவள் பழைய குழம்பை ஊற்றிக்கொள்ளச் சொல்லி எப்போதோ சொல்லிவிட்டாள். மகளுக்கு அது தெரியாது.

மகள் போன பிறகு முற்றத்தில் உட்கார்ந்து சட்டத்தை மாற்றினேன். சீட்டைப் பொருத்தினேன். சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருந்தது. இதுக்கா இவ்வளவு நாள் காத்திருந்தோம் என்று கட்டாயம் கேட்டிருப்பாள்.

பங்குனி பாதியில் ஒருநாள் காலையில் கிளம்பினேன். திருத்துறைப்பூண்டிக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே உளுந்துச் செடி பரப்பியிருந்தது. போன வருடம் பார்த்த அதே அம்மாதானா என்று தெரியவில்லை, துடைப்பத்தோடு ஒருத்தர் நின்றார். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தனியாத்தானே போறீங்க? மெதுவா ஏறிப் போங்க" என்றார். நான் கத்தவில்லை. காலை ஊன்றி ஊன்றித் தாண்டினேன்.

வேதாரண்யம் தாண்டி உப்பளம் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. கோடியக்கரையில் சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தினேன். தண்ணீர் வற்றிச் சேறு வெடித்திருந்தது. ஒரு பறவையும் இல்லை. காட்டுக் காவலாளி ஒருவர் சைக்கிளில் வந்தார்.

"சீசன் முடிஞ்சிடுச்சுங்க. போன வாரம்கூடக் கொஞ்சம் இருந்துச்சு. கார்த்திகையில வாங்க."

"மறுபடி வருமா?"

"தவறாம வரும்ங்க" என்றார் அவர். "வருசத்துக்கு ஒரு தடவ வந்துடும்."

இறங்கியபோது மணிக்கட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. எப்போதும் வலிக்கும்தான், இவ்வளவு வலித்ததில்லை. ஏன் என்று யோசித்து, சீட்டைப் பார்த்தபோது புரிந்தது. வீட்டு வாசலிலிருந்து இதுவரைக்கும் நான் என் சீட்டில் சரியாக உட்காரவேயில்லை. டேங்கோடு ஒட்டி, முன்னால் தள்ளித் தள்ளி, பின்னால் இருப்பவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தே வந்திருக்கிறேன்.

திரும்பும்போது பின்னால் நகர்ந்து உட்கார்ந்து பார்த்தேன். என்னால் முடியவில்லை. ஊர் வந்து சேரும்வரை அந்த இடத்தை விட்டுவைத்தே ஓட்டினேன்.